சந்தைக் கக்கூசுக்குப் புள்ளி போட்ட நாள்

சந்தையில் ஆண்கள் நாள் முழுக்கச் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "கடையை ஒருக்கால் பாருங்கோ, வாறன்." பக்கத்துக் கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். பின்மதில் கரையோ, பற்றையோ, எங்கேயோ ஓர் இடம் அவர்களுக்கு இருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வியாபாரத்தைத் தொடங்குவார்கள். நான் மரக்கறி விற்க வந்த நாளிலிருந்து அந்த வசனத்தை வயிற்றெரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தவள். பெண்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு எங்கே போவது?

எந்தச் சந்தை, எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது வீட்டு வாசலுக்கு வருவார்கள். வந்தால் என் வாயும் சும்மா இருக்காது. திருநெல்வேலிச் சந்தை மாதிரிப் பெரிய சந்தை அல்ல என்பது போதும். என் வீடு உடுவில் பக்கம். விடிய வரும் பஸ்ஸில் கீரைக்கட்டும் கத்தரிக்காய்ச் சாக்குமாக வந்து இறங்குவேன். கணவர் செத்துப்போய்விட்டார். மகள் கொக்குவிலில் கலியாணம் கட்டி இருக்கிறாள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எந்த நாளும் தொலைபேசியில் அரியண்டம். போய் என்ன செய்வது? அவர்கள் வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? எனக்குச் சந்தையில் இருந்து நாலு பேரோடு கதைக்க வேண்டும், இரண்டு பேரோடு சண்டை பிடிக்க வேண்டும். அதுதான் என் சீவியம்.

மீன் பகுதிக்குப் பின்னால் பழைய கக்கூஸ் ஒன்று இருந்தது. பெயருக்குத்தான். கூரைத் தகரம் பாதி இல்லை, கதவுக்குக் கொண்டி இல்லை, குழாயில் தண்ணீர் வந்ததை நான் கண்டதில்லை. அடக்க முடியாமல் போனால் இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி உள்ளே, மற்றவள் வெளியே கதவில் முதுகைக் கொடுத்து நிற்பாள். நிற்பவள் வாய் ஓயாமல் உரத்துக் கதைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் ஆம்பிளைகள் கிட்ட வரமாட்டார்கள். அந்த நாற்றத்துக்கும் வெட்கத்துக்கும் பயந்தவர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. பிரஷருக்குத் தருகிற குளிசையைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். ஆகவே சந்தை நாளில் குளிசையும் இல்லை, தண்ணீரும் இல்லை. போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டுவருவேன், கீரைக்குத் தெளிப்பதற்கு. கீரை வாடக்கூடாது, நான் வாடலாம் என்பது என் கணக்கு.

கிளினிக்கில் இருக்கிற டொக்டர் பிள்ளை என் மகளைவிட இளையவள். ஒருநாள் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தாள். சிறுநீரகம் களைக்கத் தொடங்கிவிட்டது என்றாள். ஏன் குளிசை போடுவதில்லை என்று குடைந்து குடைந்து கேட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு சொல்லிவிட்டு வந்திருப்பேன். "அம்மா, தண்ணி குடிக்கவேணும், குளிசையும் போடவேணும். அங்கை இருந்துகொண்டு அது ஏலாதெண்டால் சந்தையை விடுங்கோ" என்று மெல்லச் சொன்னாள். பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் காலத்தில்தான் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. எல்லாக் கட்சிக்காரரும் சந்தைக்கு வந்தார்கள். கும்பிட்டார்கள், என் கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்து நல்ல காய் என்றார்கள், துண்டுப் பிரசுரம் தந்தார்கள். தேர்தல் முடிந்து வென்றவர்கள் நன்றி சொல்லவும் ஒருமுறை வந்தார்கள். வழக்கமாக அத்தோடு சரி, அடுத்த தேர்தலுக்குத்தான் முகம் தெரியும். இந்தமுறை அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணம் என் பக்கத்துக் கடை வெற்றிலைக்கார அக்கா.

அக்கா என்னைவிட மூத்தவர். அதிகம் கதைக்கமாட்டார், வாயில் வெற்றிலை இருக்கும். நான் ஒரு மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவோம் என்று துள்ளிக்கொண்டு நின்றேன். அக்கா மனுவே வேண்டாம் என்றார். மனு கொடுத்தால் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கவனத்தில் எடுப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள், நாங்களும் கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடுவோம் என்பது அவரின் வாதம். அதற்குப் பதிலாக ஒன்று சொன்னார். சபை உறுப்பினர் யார் சந்தைக்குள் கால் வைத்தாலும் வணக்கம் சொல்ல வேண்டாம், சுகம் கேட்க வேண்டாம். முதல் வாய்ச்சொல்லாக ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

"கக்கூஸ் என்ன மாதிரி?"

அன்றிலிருந்து அதுதான் எங்கள் நடைமுறை. ஆளும் பகுதியா எதிர்ப்பகுதியா என்று நாங்கள் பார்க்கவில்லை. முருங்கைக்காய் வாங்க வந்தாலும் கேட்டோம், மனைவியோடு தேங்காய் வாங்க வந்தாலும் கேட்டோம். வாசலில் பழம் விற்கிறவள் கேட்பாள், பிறகு வெங்காயக்காரி கேட்பாள், பிறகு நான், பிறகு அக்கா. எல்லோரும் ஒரே குரலில், ஒரே சொல்லில், சிரிக்காமல். ஒரு உறுப்பினர் கத்தரிக்காயைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் மரக்கறிக்கு மகனை அனுப்பத் தொடங்கினார். மகனிடமும் கேட்டோம், அப்பாவிடம் சொல்லச் சொல்லி. கொஞ்ச நாளில் சபை உறுப்பினர்கள் பாதிப்பேர் குளிரூட்டிய பெரிய கடைகளில் பொலித்தீன் சுற்றிய கீரை வாங்கித் தின்னத் தொடங்கிவிட்டார்கள். நல்லாய் வேண்டித் தின்னட்டும் என்று நான் சொன்னேன்.

விடாமல் வந்தவள் ஒருத்திதான். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தால் சபைக்குப் போன பிள்ளை. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், ஸ்கூட்டியில் வருவாள். பட்டியலை நிரப்பப் பிடித்துப் போட்டவள் என்று அவளைப் பற்றிச் சந்தை ஆம்பிளைகள் பகிடி பண்ணுவார்கள். அவளிடமும் நாங்கள் இரக்கம் காட்டவில்லை. வாசலிலிருந்து வெற்றிலைக் கடைவரைக்கும் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் நின்று மறுமொழி சொல்லிக்கொண்டு வருவாள். போனமுறை சபையில் கேட்டேன், இடம் பார்க்கிறார்கள். போனமுறை கேட்டேன், அடுத்த அமர்வுக்குப் போட்டிருக்கிறார்கள் என்பாள். மறுமொழி இல்லாத நாளில் இல்லை என்றே சொல்லுவாள். என்னிடம் காசு கொடுக்காமல் ஒரு நெட்டுக் கீரைகூட அவள் எடுத்ததில்லை.

புதுக் கக்கூஸ் கட்டச் சொல்லி அவள் கொண்டுவந்த பிரேரணை சபைக்கு வருகிற அன்று அக்காவும் நானும் கடையைப் பூட்டிவிட்டுச் சபைக்குப் போனோம். பொதுமக்கள் இருந்து பார்க்கலாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். பின்னுக்கு இருக்க ஒரு நீள வாங்கு, அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உறுப்பினர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் ஒரு அனுதாபத் தீர்மானம், பிறகு உலக அரசியல், பிறகு யார் யாரைப் பற்றி எந்தப் பத்திரிகையில் என்ன சொன்னார் என்று ஒரு பெரிய இழுபறி. எனக்கு இருக்கையில் இருக்க முடியவில்லை. அக்கா என் முழங்காலில் கையை வைத்து அமத்திக்கொண்டு இருந்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அந்தப் பிள்ளை எழும்பினாள். கக்கூஸ் என்று அவள் சொன்னதும் முன்வரிசையில் சிரிப்பு. மலசலகூடம் என்று சொல்லும்படி சபைக்குத் தலைவரான தவிசாளர் திருத்தினார். அவள் கொஞ்சமும் அசையவில்லை. "சந்தையிலை இருக்கிற பெண்கள் அப்பிடித்தான் கேக்கினம், தவிசாளர். அவையள் பின்னுக்கு இருக்கினம்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. பிரேரணை நிறைவேறியது. சபை வாங்கில் இருந்துகொண்டு எனக்குக் கையைத் தட்டவேண்டும்போல இருந்தது, அக்கா விடவில்லை.

கட்டினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும், வடிவாகக் கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், தண்ணீர்த் தாங்கி, கை கழுவக் குழாய், கண்ணாடிகூட வைத்திருந்தார்கள். தவிசாளர் வந்து நாடா வெட்டினார், பெயர்க்கல்லைத் திறந்தார், எங்களுக்குக் கற்கண்டு தந்தார். அவர் எனக்குத் தம்பி வயது. கெட்ட மனிசன் அல்ல, எதையும் திருத்தமாய்ச் செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளவர். அன்று காலை நான் குளிசையைப் போட்டுவிட்டு, போத்தல் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு வந்திருந்தேன். விழா முடிந்து எல்லோரும் கலைந்தபின் கதவடிக்குப் போனேன். கதவில் ஒரு ஆமைப்பூட்டுத் தொங்கியது.

ஏன் பூட்டு என்று கேட்டேன். மதிப்பீட்டுக் குழு வரப்போகிறதாம். ஒவ்வொரு சபையும் எப்படி வேலை செய்கிறது என்று வருடாவருடம் வந்து பார்த்துப் புள்ளி போடுவார்களாம், முதலிடத்துக்கு விருதாம். பக்கத்துச் சபை போன வருடம் விருது எடுத்துவிட்டதாம். "இப்ப திறந்தால் அவையள் வரேக்கை நாறிப் போயிருக்கும். வந்து பாத்திட்டுப் போகட்டும், பிறகு உங்களுக்குத்தானே அக்கா" என்றார் தவிசாளர். பூட்டின் திறப்பு யாரிடம் என்றேன். தன்னிடம் என்றார். வேறு யாரிடமாவது கொடுத்தால் தெரிந்தவர்களுக்குத் திறந்து விட்டுவிடுவார்களாம்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாய் ஞாபகம் இல்லை. கண்டறியாத திறப்பு, கண்டறியாத விருது என்று தொடங்கியது ஞாபகம். அன்று பாதிப் போத்தல் தண்ணீரோடு நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அக்கா பழைய கக்கூஸ் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார், வாயில் வெற்றிலையோடு வெற்றிலை விலையை உரத்துச் சொல்லிக்கொண்டு.

இரவு சாப்பிட்டபின் தேத்தண்ணி ஊற்ற எழும்பியபோது என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன். அதற்குள் பூப்போட்ட கோப்பைகள். கலியாணத்துக்கு வந்தவை. ஆட்கள் வந்தால் எடுப்போம் என்று வைத்தது, மகளின் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஒருமுறை எடுத்துக் கழுவித் துடைத்துத் திரும்பவும் உள்ளே வைத்தேன். நான் இத்தனை காலமும் கைபிடி உடைந்த கோப்பையில் குடிக்கிறேன். எங்கள் பகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான், வாங்கின கதிரையின் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றமாட்டோம். தவிசாளரும் எங்களில் ஒருவர்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததால் கோபம் குறைந்தது என்று சொன்னால் அது பொய்.

குழு வரவில்லை. முதலில் மழை, போக்குவரத்து இல்லை என்றார்கள். பிறகு விடுமுறை. பிறகு வேறு ஏதோ கூட்டம். அந்தப் பிள்ளை சபையில் திறக்கச் சொல்லிக் கேட்டாளாம், விருதைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று ஆளும் பகுதியும் எதிர்ப்பகுதியும் ஒற்றுமையாய் அவளை ஏசினார்களாம். எங்களிடம் வந்து அதையும் ஒளிக்காமல் சொன்னாள். நாங்கள் கதவில் தொங்குகிற பூட்டைப் பார்த்துக்கொண்டு பழைய கக்கூசுக்குப் போய்வந்தோம். ஒருநாள் வெயிலுக்குள் எனக்குத் தலை சுற்றி, தராசுக்கு மேலேயே சரிந்துவிட்டேன். மகள் ஓட்டோவில் பறந்து வந்தாள். டொக்டர் பிள்ளை இந்தமுறை மெல்லச் சொல்லவில்லை. மகள் அழுதாள். நான் மாதம் முடியச் சந்தையை விடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். என் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று அக்காவோடு கதைத்தும்விட்டேன். அக்கா அன்று முழுக்க வெற்றிலை போடவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் குழு வந்தது. முதல்நாளே சந்தையைக் கழுவி, தரையில் கீறிய வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே எங்கள் சாக்குகளைத் தள்ளி, வாசலில் வாழை கட்டினார்கள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம் என்று ஒரு உத்தியோகத்தர் கடை கடையாக வந்து கும்பிடாத குறையாய்ச் சொன்னார். தவிசாளர் வழக்கமாகக் காற்சட்டை போடுகிறவர், அன்று பட்டுக்கரை வேட்டியோடு மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

குழுவுக்குத் தலைமையாய் வந்தவர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், வெளிமாவட்டத்திலிருந்து விடியவே புறப்பட்டு வந்தவராம். சபையில் தேத்தண்ணி, பிறகு நூலகத்தில் இளநீர், பிறகு பூங்காவில் திரும்பவும் தேத்தண்ணி என்று கொடுத்துக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். புதுக் கக்கூசைக் கடைசியாகக் காட்டி அசத்துவது தவிசாளரின் திட்டம். அவர் முன்னுக்கு நின்று கூரைத் தகரத்தின் தரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் கடைக்கு முன்னால் நின்றார். சபையின் சேவை எப்படி என்று கேட்கப்போகிறார் என்று நான் நிமிர்ந்து இருந்தேன். முதல்நாள் முழுக்க மறுமொழியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், அதில் ஒரு இடத்தில் தவிசாளரின் பரம்பரைவரைக்கும் போய் ஏசியிருந்தேன். அந்த அம்மா குனிந்து கத்தரிக்காயைத் தொட்டுப் பார்க்கிறமாதிரி, என் காதுக்குக் கிட்ட மெல்லக் கேட்டார்.

"அக்கா, இஞ்சை பெண்களுக்குக் கக்கூஸ் எங்கை?"

என் வாயில் ஆயத்தமாய் இருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எழும்பி அவரைப் புதுக் கதவடிக்குக் கூட்டிப் போனேன். பூட்டு. தவிசாளர் ஓடிவந்தார். இடுப்பைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திறப்பு காற்சட்டைப் பையில். காற்சட்டை வீட்டில். வேட்டி கட்டி வந்த பாவத்துக்கு மனிசனின் முகம் வெளுத்தது. சாரதியை மோட்டார்சைக்கிளில் அனுப்பினார்கள். அதுவரைக்கும் சபை அலுவலகத்துக்குப் போய்வரலாமே என்று யாரோ சொன்னார். அந்த அம்மா அவரைப் பார்த்து, இந்தப் பெண்கள் ஒவ்வொருமுறையும் அங்கேதான் போகிறவர்களா என்று கேட்டார்.

சாரதி வரவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும், வருடக்கணக்காய் என் முகம் அது. நான் அவரின் கையைப் பிடித்தேன்.

"வாங்கோ தங்கச்சி. பழையது ஒண்டு இருக்கு. நான் கதவைப் பிடிக்கிறன்."

மீன் பகுதியைத் தாண்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தார். வாசலில் ஒருகணம் நின்றார். பிறகு உள்ளே போனார். நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, எங்கள் வழக்கப்படி உரத்துக் கதைக்கத் தொடங்கினேன். கத்தரிக்காய்க்கு இந்தமுறை பூச்சி அதிகம், கீரைக்குத் தண்ணீர் காணாது, முருங்கை காய்க்கவில்லை. தூரத்தில் தவிசாளரும் குழுவும் உறுப்பினர்களும் வரிசையாய் நின்று அதைக் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் வெளியே வந்ததும் கை கழுவத் தண்ணீர் இல்லை. என் கீரைப் போத்தலை எடுத்து ஊற்றினேன். இந்தத் தண்ணீர் குடிக்கத்தானே கொண்டுவந்தது என்று கேட்டார். கீரைக்கு என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. குளிசை, கிளினிக், சந்தையை விடப்போவது எல்லாவற்றையும் அந்த நாற்றத்துக்குள் நின்று சொல்லி முடித்தேன். அவர் ஈரக்கையோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது திறப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தார்கள். புதுப் பெயின்ற் மணம். கை கழுவும் தொட்டியில் கடைக்காரன் சுற்றித் தந்த பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "தவிசாளர், வடிவாக் கட்டியிருக்கிறியள். கட்டினதுக்குப் புள்ளி இருக்கு. பாவிக்கிறதுக்குத்தான் கூடப் புள்ளி. பூட்டி வைச்சதுக்கு நான் என்னத்தைப் போடுறது?" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, யாராவது போக வேண்டுமா என்று கேட்டார்.

இத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்கள், எங்களுக்கு வெட்கம். ஒருத்தரும் அசையவில்லை. வெற்றிலைக்கார அக்கா எழும்பினார். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தவிசாளரைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கொண்டி விழுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதன்பிறகு வெங்காயக்காரி, பழக்காரி, நான். வரிசை முடியும்வரைக்கும் அந்த அம்மா அங்கேயே நின்றார். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று சொன்னவருக்கு, தான் பார்க்க வந்ததைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னார். நான் வெளியே வந்தபோது அந்த முன்பள்ளிப் பிள்ளை ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கழற்றிய ஆமைப்பூட்டைத் தவிசாளர் தன் வேட்டி மடிக்குள் செருகுவதையும் கண்டேன்.

விருது எங்கள் சபைக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துச் சபைக்கும் கிடைக்கவில்லை, அது ஒரு ஆறுதல். அந்தப் பிள்ளைதான் எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்தாள் என்று சபையில் அவளுக்கு ஏச்சு விழுந்ததாம். சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். அவளுக்கு நான் நன்றி சொன்னேன், வாயால்தான். கத்தரிக்காயைச் சும்மா கொடுத்தால் வாங்கமாட்டாள் என்று தெரியும். அந்த அம்மாவை நான் பிறகு காணவில்லை. பெயரும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகும்போது என் மகளுக்குப் பிறகு அவரை நினைக்கிறேன்.

தவிசாளர் வெகுகாலம் சந்தைப் பக்கம் வரவில்லை. ஆனால் வேலை நடந்தது. ஒவ்வொரு விடியலிலும் தாங்கி நிரம்பியிருந்தது. கழுவ ஒரு பெண்ணை நியமித்தார்கள். கைப்பையைத் தொங்கவிடக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி வந்தது. அதை யார் யோசித்திருப்பார்கள் என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம், தவிசாளர் தன் மனைவியிடம் கேட்டுப் போட்டதாகப் பிறகு தெரிந்தது. அந்த மனிசனிலும் எனக்கு நன்றி உண்டு. விருதைத் தோற்ற பிறகு கோபித்துக்கொண்டு இருக்காமல் கொக்கி போடுகிற ஆள் எத்தனை பேர்? மகளுக்குக் கொடுத்த வாக்கை நான் முறித்தேன். அடுத்த கிளினிக்கில் டொக்டர் பிள்ளை முடிவைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு மகளும் கோபத்தை விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை தவிசாளர் வந்தார். காற்சட்டையோடு, மரக்கறிப் பையோடு, தனியே. வாசலில் பழக்காரி அவரைக் கண்டாள், பழத்துக்கு விலை சொன்னாள். வெங்காயக்காரி வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தாள். மனிசன் ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கூனிக்கொண்டு நின்றார், அடி விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. என்னிடம் வந்து கத்தரிக்காயைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்தும் போகவில்லை. கடைசியில் அவரே கேட்டுவிட்டார்.

"என்ன அக்கா, இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை?"

எனக்கு முந்தி வெற்றிலைக்கார அக்கா மறுமொழி சொன்னார். "கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. மீன் பக்கத்து வாய்க்காலைப் பற்றி வாற மாசம் கேப்பம்."

தவிசாளர் சிரித்தார். அந்த மனிசன் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். நான் சாக்குக்குப் பின்னாலிருந்து என் பூப்போட்ட கோப்பையை எடுத்தேன். அலுமாரியிலிருந்து சந்தைக்கு வந்து கொஞ்சக் காலமாகிவிட்டது அது. போத்தலைச் சரித்து விளிம்புவரை ஊற்றி, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன். அவரின் கத்தரிக்காயை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு பேருக்குக் கீரை கொடுத்தேன். பிறகு எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அக்கா, கடையை ஒருக்கால் பாருங்கோ, வாறன்."